சிரிப்புக்குக் காத்த இடைவெளி

மனுவேலுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கோயில் திருவிழா மேடையில் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த வசனம், டேப்பில் பதிந்து கேட்டால் ஏன் சவமாகக் கிடக்கிறது?

துறைமுகத்தில் மூட்டை அடுக்கு சரிந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனபின் அவனுக்கு மேடை இல்லை. நடிப்பென்று மிஞ்சியது வானொலி நாடகம்தான். குரல் தேர்வுக்கு மூன்று தடவைதான் விடுவார்கள். முதலில் தோற்றதும் சத்தத்தைக் கூட்டினான். மறுபடி தோற்றதும் மூக்கால் பேசிப் பழகினான். எழுபத்தாறு ஜூலையில் வந்த மூன்றாவது கடிதத்திலும் இல்லையென்றே இருந்தது. இனி விண்ணப்பிக்க வேண்டாம் என்று ஒரு வரி கூடுதல்.

அன்று மத்தியானம் அவன் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துக் கிடந்தபடி, தேர்வுக்குப் பழக வீட்டில் பதிந்த டேப்பை ஓடவிட்டான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையாக அவன் பேசினான்: "எனக்குத் துறைமுகத்துல உத்தியோகம். வர்ற கப்பலையெல்லாம் வேடிக்கை பாக்கேன்." அப்புறம் வெறும் இரைச்சல். வெகுநேரம் கழித்துத்தான் பெண்ணாகப் பேசிய அவன் மனைவி பிளாரன்ஸின் குரல்: "சம்பளம் யாரு தாரா?"

மீன் அரிந்துகொண்டிருந்த பிளாரன்ஸ் நிமிராமலே கேட்டாள். "சொல்லிட்டு யாருக்காவ காத்துக்கிட்டு இருக்கீய?"

"சனம் சிரிச்சு முடிக்கண்டாமா?"

"அந்தத் தேர்வு ரூம்ல சனம் ஏது?"

அவன் டேப்பை நிறுத்தினான். கடற்கரையில் போட்ட திருவிழா மேடையில் முன்வரிசைச் சிரிப்பு முதலில் வரும். கூம்பு ஒலிபெருக்கியில் கேட்டுக் கடைசி வரிசை சிரிப்பது அதற்கும் பின்னால் வரும். இரண்டும் அடங்கும்வரை நிற்பது அவன் உடம்போடு ஊறிய பழக்கம். தேர்விலும் அப்படியே நின்றிருக்கிறான். சிரிப்பு வராத அந்த இடைவெளி, கேட்பவருக்கு வரவிருந்த சிரிப்பையும் கொன்றிருக்கிறது.

டேப் மெஷினைத் தன் பக்கம் தள்ளச் சொன்னான். 'கப்பலையெல்லாம்' என்றதும் ஒரு மூச்சு நின்றான். 'வேடிக்கை பாக்கேன்' முடிந்த உடனே பிளாரன்ஸைப் பேசச் சொன்னான். பதிந்ததை ஓடவிட்டுக் கேட்டபோது சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு முத்துக்கனி சிரித்தாள். பிளாரன்ஸும் சிரித்துவிட்டு, இன்னொரு தடவை எழுதிப் போடலாமா என்றாள்.

"வேண்டாம்னு எழுதியிருக்கான்லா" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, இனி யாருக்கும் பயன்படாத கணக்கைச் சொல்பவன்போல அவளிடம் சொன்னான்: சிரிப்பு வார்த்தைக்கு முன்னால் ஒரு மூச்சு நிற்க வேண்டும், பின்னால் நிற்கவே கூடாது, அடுத்த ஆள் உடனே பேசிவிட வேண்டும்.