ஆற்றுக்கு முதுகு காட்டும் வீடுகள்

எங்கள் பள்ளத்தாக்கில் பழைய வீடுகள் நூற்றுச் சொச்சம். ஒன்றுகூட ஆற்றைப் பார்க்காது. வாசல், ஜன்னல் எல்லாம் மலைப் பக்கம். ஆற்றுப் பக்கம் மொட்டைச் சுவர். கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தவர்கள் மாதிரி வரிசையாக நிற்கும்.

ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம். கொசு என்பார் தபால்காரர். அந்தக் காலத்தில் படகில் திருடன் வருவான் என்பார் மாவு மில்காரர். நான் நூலகத்தில் வேலை பார்க்கிறவள். பள்ளத்தாக்கின் வரலாற்றை எழுதும் வேலையை ஊர் என் தலையில் கட்டியிருந்தது. ஆற்றுக் காற்றுக்குப் பயந்து முன்னோர்கள் யோசித்துக் கட்டினார்கள் என்று பதினோரு பக்கம் எழுதியிருந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்தப் பதினோரு பக்கத்தை நானே நாலு தடவை படித்து ரசித்திருக்கிறேன்.

எங்கள் வீடுதான் இங்கே முதலில் எழுந்தது. ஒரு தச்சனும் அவன் மனைவியும் மாட்டுவண்டியில் ஆற்றோரமாகவே வந்து, வண்டி நின்ற இடத்தில் கட்டியது. மற்றவர்கள் நாலைந்து வருஷம் கழித்து வந்தார்கள். மத்தியானங்களில் பின்னறையில் படுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுவது கேட்கும். கண்ணை மூடினால் பனிமூட்டத்தில் அந்த வண்டி வரும். சக்கரச் சத்தம் எது, ஆற்றுச் சத்தம் எது என்று பிரிக்க முடியாது. அப்படியே தூங்கிவிடுவேன். "எழுத்தாளரம்மா ஆராய்ச்சியில இருக்காங்க" என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

அந்தப் பின்னறைதான் அண்ணிக்குச் சமையலறை. பகலிலும் விளக்குப் போட வேண்டும். நாலு வருஷம் பொறுத்தவள், போன மாதம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இன்னொரு மழைக்காலம் இந்த இருட்டுல என்னால முடியாதுங்க. தலையே வெடிச்சிடும்போல இருக்கு. புள்ளையத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். மிரட்டல நான். நெஜமாவே சொல்றேன்."

அவள் சத்தம் போட்டிருந்தால் அண்ணன் சிரித்துச் சமாளித்திருப்பான். மெதுவாகச் சொன்னதால் பயந்துபோனான். அவன் கொத்தனார். ஊரார் வீட்டிலெல்லாம் ஜன்னல் வைத்தவன், தன் வீட்டுச் சுவரை மட்டும் முன்னோர் சொத்து என்று தொடாமல் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உளியும் சுத்தியலும் எடுத்தான்.

பிற்காலத்தில் பூசிய பூச்சு உதிர்ந்ததும் கை நின்றது.

"இங்க வந்து பாரு. சுவர் கருங்கல்லு. நடுவுல மட்டும் செங்கல். இங்க ஒரு வாசல் இருந்திருக்கு!"

செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் குவித்தான். கதவு இல்லை. நிலைச்சட்டம் மட்டும் அப்படியே நின்றது. வெளிச்சம் உள்ளே வந்தது. செங்கல் தூசி அதில் மிதந்துகொண்டே இருந்தது, கீழே இறங்க மனமில்லாததுபோல. அதற்கு அப்பால் ஆறு. பிறந்ததிலிருந்து காதால் மட்டும் கேட்டதை அந்த அறையிலிருந்து முதல்முறை கண்ணால் பார்த்தேன். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

அண்ணன் மட்டும் நிலையைத் தடவிக்கொண்டிருந்தான். மார்பு உயரத்தில் தாழ்ப்பாள் துளை ஒன்று. அதை மரத்துண்டு வைத்து அடைத்து இழைத்திருந்தார்கள். விரல் பட்டால்தான் தெரியும், அவ்வளவு நேர்த்தி. என் தொடை உயரத்தில் இன்னொரு துளை, திறந்தபடி.

"மேல இருந்த தாழ்ப்பாளக் கழட்டிக் கீழ வச்சிருக்கான். எந்த மடையன் கதவுக்கு இவ்வளவு கீழ தாழ்ப்பாள் வைப்பான்?"

அண்ணன் மகளுக்கு மூன்று வயது. ஆற்றைப் பார்க்க ஓடிவந்தவள், நிலையைப் பிடித்து நின்று, கீழ்த் துளைக்குள் விரலை விட்டாள். கையைத் தூக்கவும் இல்லை, குனியவும் இல்லை. சரியாக இருந்தது.

பள்ளத்தாக்கின் பழைய இறப்புப் பதிவேட்டில் முதல் வரி எனக்கு மனப்பாடம்: தச்சன் மகன், வயது மூன்று, ஆற்றில். என் புத்தகத்தில் அதை ஒரே வரியில் எழுதிவிட்டுக் காற்றுக்குப் பதினோரு பக்கம் கொடுத்திருந்தேன். அதற்கு இரண்டு வருஷம் கழித்து அவர்களுக்குப் பிறந்த மகளின் வழியில் வந்தவர்கள்தான் நாங்கள்.

அண்ணனிடம் சொன்னேன். அவன் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"நானே தெறக்கறேன், நானே தெறக்கறேன்னு அடம் பிடிச்சிருக்கும். இவளும் அப்படித்தானே. அப்பன் ஆசையா எறக்கி வச்சிருக்கான். அப்புறம்... பெத்தவ ஆத்தப் பார்க்கவே கூடாதுன்னு அடைச்சிருக்கான். பாவம்."

பிற்பாடு வந்தவர்கள் மொட்டைச் சுவரைத்தான் பார்த்திருக்கிறார்கள். முதலில் வந்தவன் காரணம் இல்லாமலா கட்டியிருப்பான் என்று நினைத்து, கேட்கவும் கூச்சப்பட்டு, அவர்களும் அப்படியே கட்டிவிட்டார்கள். முன் ஏர் போன வழியே பின் ஏர் போகும் என்பது இதுதான். என் பதினோரு பக்கம் அடுப்புக்குத்தான் லாயக்கு.

அண்ணன் மகளை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாந்து குழைக்க ஆரம்பித்தான்.

"என்ன பண்றீங்க?" என்றாள் அண்ணி.

"மூடிடறேன். வேற பக்கம் ஏதாவது பார்க்கலாம். நம்ம வீட்லயும் சின்னப்புள்ள இருக்கு."

அண்ணி உள்ளே போய் மகளின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். கோபம்கூட இல்லை அவள் முகத்தில். அண்ணன் அதைப் பார்த்தான். பார்க்காததுபோல ஒரு வரிசை வைத்தான், இரண்டாவது வரிசை வைத்தான். அப்படியே ஏறி இடுப்பு உயரம் வந்தபோது குவியலிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்தவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல சாந்தே ஒட்டலையே."

மற்ற கல்லிலெல்லாம் பழைய சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. இதில் ஒரு பக்கத்திலும் இல்லை. ஒரு முனையில் மட்டும் இரண்டு பக்கமும் குழிந்து, தேய்ந்த சோப்பு மாதிரி வழவழப்பாக இருந்தது. அண்ணன் கட்டைவிரலை ஒரு குழியிலும் மற்ற விரல்களை மறு குழியிலும் வைத்தான். அவன் கைக்கு இடம் போதவில்லை. உள்ளே இருந்த அண்ணியைக் கூப்பிட்டான். அவள் வந்து வாங்கினாள். அவள் விரல்கள் பொருந்தின.

"ஆத்தப் பார்க்க உருவி உருவி வச்சிருக்கா, அந்தப் பெத்தவ. அவனுக்குத் தெரியாம. எத்தன வருஷமோ!" என்றாள் அண்ணி. கல்லை மாரோடு அணைத்துக்கொண்டாள். "அவளுக்காகத்தான் அடைச்சான், சரி. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டானா?"

அண்ணன் கையைத் துணியில் துடைத்தான். அரைகுறைச் சுவருக்கு முன்னால் இருந்து விலகி, அவளுக்கு இடம் விட்டான்.

"ஜன்னலா வச்சிடலாம். புள்ள ஏற முடியாத உயரத்துல," என்றான். "நீ நின்னு பாரு. உனக்கு எதுவரைக்கும் தெரியணும்?"