மீ வேலே மீ பலம்

குணசேகரன் இருக்கும் இடத்தில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் அது வரிசை. மூன்றாவது ஆள் வந்தால் டோக்கன். விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாரே தவிர விசிலை விட்டு வரவில்லை. சொந்த அப்பாவின் காரியத்திலேயே ஆண்கள் வழி, பெண்கள் வழி என்று கயிறு கட்டி, வடைக்கு ஒரு சீட்டு, பாயசத்துக்கு ஒரு சீட்டு கொடுத்த மனிதர். ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் காவடி வரும் திருத்தணியில் இப்படி ஒருவர் இருப்பது பொருத்தம்தான். ஆனால் அவ்வளவு கூட்டமும் அவருடைய விசிலைக் காதில் வாங்காமலே வருடாவருடம் மலையேறி இறங்கிப் போய்விடுவதில் அவருக்கு ஒரு மனக்குறை உண்டு.

அவரிடம் போய் ஒரு தேர்தலைக் கொடுத்தார்கள்.

பெரிய தேர்தல் ஒன்றும் இல்லை. மலையடிவாரத்து நான்கு தெருக்களுக்கும் சேர்த்து ஒரு குடியிருப்போர் சங்கம், சங்கத்துக்கு ஒரு சமுதாயக் கூடம், கூடத்துக்கு ஒரு தலைவர். அந்தத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் மட்டும் நான்கு தெருவும் வெறிச்சோடிவிடும். போன தடவை விழுந்த ஓட்டை எண்ணி முடித்தபோது, எண்ணுகிறவருக்கு வாங்கி வந்த டீ இன்னும் சூடாகவே இருந்தது. சங்கத்தின் விதியோ கறாரானது. அடுத்தடுத்து இரண்டு தேர்தல்களில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை என்றால் சங்கம் கலைந்துவிடும், கூடத்தைப் பூட்டிவிட வேண்டும். போன தடவையோடு ஒன்று முடிந்தது. இது இரண்டாவது.

கூடம் பூட்டப்பட்டால் ஊருக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது. குணசேகரனுக்குத்தான் முழுகும். மகள் ஷாலினியின் கல்யாணம் ஆவணியில் அந்தக் கூடத்தில்தான். பத்திரிகை அடித்தாயிற்று, பாதி கொடுத்தும் ஆயிற்று. முகூர்த்த நாளில் திருத்தணியில் வேறு மண்டபம் கேட்டுப் போனால் வாசலிலேயே சிரித்து அனுப்பிவிடுவார்கள். தேர்தல் அதிகாரி வேலை வேண்டாம் என்று எல்லோரும் நழுவியபோது இவர் மட்டும் கையைத் தூக்கியதற்கு அதுதான் காரணம். வெளியில் சொல்லவில்லை. சொன்னால் நடுநிலைமை போய்விடும்.

"நைனா, நீ எலெக்‌ஷன் நடத்துறியா, என் கல்யாணத்த நடத்துறியா?" என்று ஷாலினி கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார்.

வீடு வீடாகப் போனார். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. "ஓட்டா? போட்டுடலாம் சார், இன்னா இப்ப!" என்று சிரித்த முகத்தோடு கதவைச் சாத்தினார்கள். அரக்கோணத்துக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் தூங்குகிறோம், அதையும் சங்கம் பிடுங்கிக்கொள்ள வேண்டுமா என்று வருத்தப்பட்டார்கள். கௌரியம்மாள், "பால் பாக்கெட் போடுறவன் வூட்டாண்ட வந்துதானே போடுறான், ஓட்டுப் பொட்டிய இங்க எடுத்துகினு வந்தா இன்னா?" என்று நியாயம் கேட்டார். குணசேகரன் கோலப் போட்டி வைத்தார். எல்லாக் கோலத்தின் நடுவிலும் தேர்தல் தேதியை எழுத வேண்டும் என்பது நிபந்தனை. அழகழகாக எழுதினார்கள். பரிசு கொடுக்கும்போது தேர்தல் என்றைக்கு என்று கேட்டார். முதல் பரிசுக்காரி திரும்பித் தன் கோலத்தைப் பார்த்துச் சொன்னாள்.

போட்டியிட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் சிமென்ட் கடை வேலாயுதம், ஊர் வாயில் வேலு. இன்னொருவர் பத்துப் பன்னிரண்டு எருமை வைத்திருக்கும் சுப்பிரமணி. இரண்டுமே மலை மேல் இருக்கிறவரின் பெயர்கள் என்பதுதான் குணசேகரனுக்குப் பெரிய தலைவலியாகப் போயிற்று. நடத்தை விதி என்று ஒன்றை எழுதினார். வேல் என்பது வேலுவுக்கு விளம்பரம். ஆகவே நான்கு தெருவிலும் கண்ணில் பட்ட வேல்களையெல்லாம் பழைய செய்தித்தாளால் மூடினார். ஆட்டோ கண்ணாடியில் ஒட்டிய வேல், இரும்பு கேட்டில் வைத்து அடித்த வேல், டீக்கடைப் பலகையில் எழுதிய வேல், எதையும் விடவில்லை. சுப்பிரமணிய சாமி என்றும் தேர்தல் முடியும்வரை யாரும் சொல்லக் கூடாது, வெறும் சாமி என்றால் போதும் என்றார்.

"அப்படியே மலைக்கும் ஒரு போர்வ வாங்கினு வந்து போத்திடு" என்றார் கௌரியம்மாள்.

இவ்வளவு கண்கொத்திப் பாம்பாக இருந்தவர்தான் ஒரு ஆட்டோவில் கோட்டை விட்டார்.

தெருவில் பாதிப் பேர் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். தமிழில் கூப்பிட்டு வராதவர்கள் தெலுங்கில் கூப்பிட்டால் வரலாம் இல்லையா? ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் இரண்டு மொழியிலும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். 'உங்கள் விரலே உங்கள் பலம்' என்று தமிழில் எழுதினார். விரலில் மை வைக்கிறோம், அதனால் விரல். தெலுங்குக்கு மனைவி ஜெயம்மா இருக்கிறார். நகரிப் பக்கத்துப் பெண். அடுப்படியிலிருந்தே சொன்னார்.

"மீ வேலே மீ பலம்."

குணசேகரனுக்குப் பிடித்துப் போயிற்று. தன் குரலிலேயே பதிவு செய்தார், நிறுத்தி, அழுத்தி. ஆட்டோ ஓட்டும் ஆல்பின் காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை நான்கு தெருவையும் சுற்றினான். கண்ணாடியில் இருந்த வேல் படத்தைச் செய்தித்தாள் மூடியிருந்தது. மேலே குழாய், மீ வேலே மீ பலம், மீ வேலே மீ பலம் என்று அடித்துக்கொண்டிருந்தது.

தெலுங்கில் விரலுக்கு வேலு என்று பெயர். கல்யாணம் ஆன நாளிலிருந்து, காய் நறுக்கும்போது ஜெயம்மா "வேலு தெகிந்தி" என்று கத்தினால் குணசேகரன் மஞ்சள் தூளை எடுத்துக்கொண்டு ஓடுவார். அந்த வீட்டில் வேலு என்றால் விரல்தான். சிமென்ட் கடை ஞாபகம் யாருக்கும் வராது. வந்திருக்க வேண்டிய ஒரே நாளிலும் வரவில்லை.

மறுநாள் விடியும்போது சுப்பிரமணி ஒரு கூட்டத்தோடு வாசலில் நின்றார். கையில் போன். போனில் குணசேகரனின் குரல்.

"இன்னா சார் இது? வேலுதான் பலமா? அப்ப நாங்கல்லாம் யாரு?"

"ஐயையோ, அது தெலுங்கு சுப்பிரமணி! வேலுன்னா வெரலு!"

"எனக்குத் தெலுங்கு வராது சார்" என்றார் சுப்பிரமணி.

சுப்பிரமணி எருமையைத் திட்டுவது தெலுங்கில், கொஞ்சுவது தெலுங்கில், அக்கா புருஷனை பாவா பாவா என்று தெருக்கோடி வரைக்கும் கூப்பிடுவது தெலுங்கில். பின்னால் நின்ற கூட்டத்திலும் பாதிப் பேர் வீட்டில் அதே கதைதான். வேலு என்றால் விரல் என்று அங்கே தெரியாதவர் ஒருவரும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் ஒருவருக்கும் இஷ்டமில்லை. இத்தனை நாள் கதவைச் சாத்திய முகங்களில் அன்றைக்குத்தான் ஒரு களை வந்திருந்தது.

பயந்துபோய் ஆட்டோவை நிறுத்தினார். உடனே வேலுவின் ஆட்கள் வந்தார்கள்.

"எங்க ஆள் பேர் தன்னால ஓடிகினு இருந்திச்சி. அத எதுக்கு நிறுத்துன? அந்தப் பக்கம் இன்னா குடுத்தான்?"

"அது உங்க ஆள் பேரே இல்லப்பா!"

"இல்லன்னா எதுக்கு நிறுத்துன?"

குணசேகரன் வாழ்நாளில் ஒரு கபடி ஆட்டத்தில்கூட ஒரு பக்கம் சாய்ந்து ஊதாதவர். அன்றைக்கு இரண்டு பக்கமும் அவரை எதிர்ப் பக்கத்து ஆள் என்றது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. "உன் தெலுங்கால வந்த வினை" என்று ஜெயம்மாவிடம் சொல்லிப் பார்த்தார். "நீ கேட்டது வெரலு, நான் சொன்னது வெரலு. உன் ஊருல வெரலுக்குக் கட்சி கீதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் ஜெயம்மா. நியாயமாகத்தான் இருந்தது, அதனால் இன்னும் எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தைத் திறக்கப் போனவர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். கூட்டம். தூங்குகிறவர்கள் தூங்கவில்லை. மணவூரில் பெண் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போயிருந்தவர்கள் முதல் ரயிலைப் பிடித்துத் திரும்பியிருந்தார்கள். கௌரியம்மாள் பெட்டி வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காமல் தானே நடந்து வந்து முன்னால் நின்றார். "அந்த வேலு கட்சிக்காரனுங்க மூஞ்சில கரி பூசணும்" என்று ஒரு வரிசை. "எருமக்காரன் கொட்டத்த அடக்கணும்" என்று இன்னொரு வரிசை. டோக்கன் தீர்ந்துபோயிற்று. விசில் ஊதினார், அது அவருக்கே கேட்கவில்லை. மை வைத்து வைத்து அவர் விரல் பத்தும் கறுத்தது. சண்டை மூட்டாமல் ஒரு மாதம் மரியாதையாகக் கூப்பிட்டதற்கு ஒரு ஆளும் அசையவில்லையே என்று ஒரு பக்கம் கசந்தது. ஆனாலும் பெட்டி நிரம்பியதைப் பார்த்தபோது சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் நடக்கும். கூடம் தப்பித்தது.

கூடம் மறுநாள் காலைவரைதான் தப்பித்திருந்தது. வேலு கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 'தேர்தல் அதிகாரியே ஆட்டோ வைத்து வேலுவுக்கு ஓட்டுக் கேட்டார், எனக்குத் தெலுங்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது' என்று சுப்பிரமணி சங்கப் பதிவாளருக்கு மனு எழுதி அனுப்பிவிட்டு, முடிவு தெரியும்வரை யாரும் நுழையக் கூடாது என்று கூடத்துக்குப் பூட்டுப் போட்டார். அந்தப் பூட்டுக்கு மேல் வேலு ஒரு பூட்டுப் போட்டார். அவர் திறந்தால் இவர் திறப்பதாகவும், இவர் திறந்தால் அவர் திறப்பதாகவும் சொன்னார்கள். குணசேகரன் இரண்டு வீட்டுக்கும் நடையாக நடந்தார். "உங்க பொண்ணு எங்க பொண்ணு மாதிரி சார்" என்று இரண்டு பேருமே சொன்னார்கள். சாவியை மட்டும் இரண்டு பேருமே கொடுக்கவில்லை. மனு எழுதிய நாளிலிருந்து சுப்பிரமணி தெருவில் தமிழ் மட்டுமே பேசினார். எருமைகளுக்குத்தான் ஒன்றும் புரியாமல் போயிற்று.

வேறு வழியில்லாமல் பூட்டிய கூடத்துக்கு எதிரே, தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பூட்டையும் பார்த்தார்கள், குணசேகரனையும் பார்த்தார்கள். அவமானத்தில் அவருக்கு உடம்பு கூசியது. வரிசை கட்டவில்லை, டோக்கன் அடிக்கவில்லை, விசிலைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டார். ஆனால் நான்கு தெருவும் வந்து உட்கார்ந்திருந்தது. வேலு முன் வரிசையில் உட்கார்ந்தார் என்று தெரிந்து சுப்பிரமணியும் முன் வரிசைக்கு வந்தார். வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

தாலி கட்டியாயிற்று. அம்மிக்கல்லில் ஷாலினி காலை வைத்தாள். மாப்பிள்ளை மெட்டியோடு குனிந்தான். நகரியிலிருந்து வந்திருந்த புரோகிதருக்குத் தமிழ் வராது. விரலை முன்னால் வை என்று அவர் மொழியில் சொன்னார்.

"வேலு முந்துக்குப் பெட்டம்மா."

பந்தலில் எல்லோரும் திரும்பி வேலுவைப் பார்த்தார்கள். வேலு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஷாலினி புரோகிதரை ஏறிட்டுப் பார்த்தாள். விரல்களை மடக்கிக்கொண்டு, ஒன்றும் விளங்காதவள்போல நின்றாள்.

"வேலு, வேலும்மா! முந்துக்குப் பெட்டு!"

விளங்கவே இல்லை. மாப்பிள்ளைக்கு முதுகு வலித்தது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று பந்தல் மேல் தூறல் விழுந்தது. பந்திக்கு இலை போட்டுக் காத்திருந்தது. சாம்பார் வாசனை முன் வரிசைக்கு வந்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவையும் ஷாலினி பேந்தப் பேந்த விழித்தபோது சுப்பிரமணியால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று கத்தினார்.

"வெரல நீட்டும்மா! வேலுன்னா வெரலு! இதுகூடவா தெரியாது?"

ஷாலினி சட்டென்று விரலை நீட்டினாள். மெட்டி ஏறியது. முதலில் கௌரியம்மாள் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. வேலுவின் ஆட்களும் சிரித்தார்கள், சுப்பிரமணியின் ஆட்களும் சிரித்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். வேலு மட்டும் சிரிக்காமல், "இன்னா சுப்பிரமணி, நல்லா தெலுங்கு பேசுற! எங்க கத்துக்கின?" என்று கேட்டார்.

தூறல் மழையாகி இலைகளில் விழத் தொடங்கியது. சுப்பிரமணி இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்தார். "சோறு நனையுதுய்யா, இன்னா பார்த்துகினு கீற? உன் பூட்டத் தொற" என்று வேலுவை அதட்டியபடி கூடத்தை நோக்கி நடந்தார். மனுவைப் பற்றி அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நான்கு தெருவும் இலையைத் தூக்கிக்கொண்டு, வரிசையும் இல்லாமல் டோக்கனும் இல்லாமல், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு கூடத்துக்குள் புகுந்தது.

குணசேகரன் மகளிடம் போனார். மனசு லேசாகிவிட்டது, குரலில் மட்டும் வாத்தியார் மிடுக்கை வரவழைத்துக்கொண்டார்.

"ஏம்மா, பொறந்ததுலேர்ந்து உங்கம்மா சொல்லிக் கேட்டுகினுதானே கீற? வேலுன்னா வெரலுன்னு உனக்குத் தெரியாது?"

ஷாலினி மாலையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

"எனக்குத் தெலுங்கு வராது நைனா."