சுவரில் அறையும் காட்சி

ஓகிதா வரைகிற காதல் காமிக்ஸ்களுக்கெல்லாம் ஒரே சூத்திரம்தான். நாயகன் பெண்ணைச் சுவரோரம் மடக்கி, அவள் காதருகே சுவரில் ஓங்கி அறைவான். அவள் உருகிப் போவாள். இந்தக் கண்றாவிக்கு வாரம் மூன்று லட்சம் வாசகர்கள். கையும் விரலும் சரியாக அமைய வேண்டுமென்று, உதவியாளர்களை நடிக்கவிட்டுப் புகைப்படம் எடுத்துப் பார்த்து வரைவார்.

அன்று மதியம் தன் ஸ்டூடியோ இருக்கும் நெரிமா அடுக்குமாடியின் நடைவழியில் உதவியாளர்கள் தக்குமாவையும் சுசுனோவையும் நிறுத்தினார். தக்குமாவின் அப்பா கானாக்காரர். மற்றபடி பிறந்த ஊர், பேச்சு, கோபம்கூட ஜப்பான்தான். இரண்டு வருடமாக சுசுனோவை மனதில் வைத்துப் புழுங்குகிறான். இன்று வசனத்துக்குப் பதில் உண்மையையே சொல்லிவிடுவது என்றிருந்தான்.

"ஓங்கி அடிடா. உன் முகத்தைப் பத்திக் கவலைப்படாதே, அதை நான் வெள்ளையாப் போட்டுக்கறேன்."

"மெதுவா சொன்னாலும் அவளுக்குக் காது கேக்கும் சார்."

"கெஞ்சுறவனை எவடா காதலிப்பா? அடி!"

சுசுனோ சிரித்தாள். "அடிச்சுத் தொலை தக்குமா, டீ ஆறுது."

அறைந்தான். சுவர் அதிர்ந்தது. "சுசுனோ, நான்..." என்று வாயெடுப்பதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு படீரென்று திறந்தது. இவாசே கிழவர் கோல்ஃப் மட்டையோடு பாய்ந்தார்.

"பொண்ணை விடுடா, வெளிநாட்டு நாயே!"

முதல் அடியில் வரைகிற கையின் மணிக்கட்டு முறிந்தது. இரண்டாவதில் காது கிழிந்தது. விழுந்தவன் விலாவில் மூன்றாவது இறங்கியது. அதுவரை படமெடுத்துக்கொண்டிருந்த ஓகிதா அப்புறம்தான், "ஐயா, இது நடிப்பு!" என்றார்.

கிழவர் மட்டையைத் தாழ்த்தினார். ஓகிதாவிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டார், சுசுனோவிடமும் கேட்டார். தரையில் கிடந்தவனிடம் கேட்கத் தோன்றவில்லை.

சுசுனோவும் பதிலுக்கு இடுப்புவரை குனிந்தாள். பழக்கதோஷம்.

"சத்தம் போட்டு உங்களைத் தொந்தரவு பண்ணிட்டோம். மன்னிச்சிடுங்க."

மட்டையடியைத் தாங்கிய தக்குமாவால் இதைத் தாங்க முடியவில்லை.

கிழவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஓகிதா கேமராவைப் பார்த்துப் பூரித்தார்.

"அடி விழுற படம் பிரமாதம்டா! வில்லனா உன்னையே போட்டுடறேன். எழுந்திரு. இன்னொரு தடவை, இடது கையால."

தக்குமா எழுந்தான். இடது கையால்தான் அடித்தான். ஓகிதாவின் மூக்கு உடைந்தது. மறுபடி அடித்தான், பல் தெறித்தது.

அவன் எலும்பு முறிந்தபோது வாயே திறக்காத சுசுனோ இப்போது அலறிக்கொண்டு பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

"இவாசே ஐயா, ஓடி வாங்க! மட்டையை எடுத்துட்டு வாங்க!"