அம்பில்லாமல் அடித்த வில்

"கையில தெம்பு இல்ல டீச்சர். நோன்பு வேற வச்சிருக்கு. அம்பு எப்படிப் போகும்?"

காளீஸ்வரன் அண்ணாச்சி இதைச் சொன்னபோது ஹாதியா நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழ வேண்டும் என்றே சொன்னார். சூலக்கரை மைதானத்தில் மாநில அணிக்கான தேர்வில் அவள் முறை வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. நாலு பேரை எடுப்பார்கள். ஹாதியா பிளஸ் டூ. அவளுக்கு இது கடைசி வருடம்.

அண்ணாச்சிக்குச் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி. எங்கள் பள்ளிக்குக் கிராஸ்போ என்கிற குறுக்குவில் வாங்கிக் கொடுத்தது அவர்தான். கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டார். வில் அவர் கம்பெனி விருந்தினர் அறையில்தான் இருக்கும். சனி, ஞாயிறு மட்டும் வேனில் வந்து போகும். தலைமையாசிரியை சரி என்று கையெழுத்துப் போட்டார். உடற்கல்வி ஆசிரியை ராமுத்தாயான என்னை யாரும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, இதுல கைத்தெம்புக்கு வேலையே கிடையாது," என்றேன். "முன்னால இருக்கிற வளையத்துல காலை வச்சு, ரெண்டு கையாலயும் நாணை இழுத்துக் கொக்கியில மாட்டிட்டா முடிஞ்சுது. அப்புறம் பயில்வான் விசையை அமுக்கினாலும் பச்சப்பிள்ளை அமுக்கினாலும் அம்பு ஒரே வேகத்துலதான் போகும்."

"அப்ப ஏன் மூணு வாரமா குறி அட்டைக்குக் கீழ மண்ணுல குத்துது?"

அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. ஜூலையில் ஐம்பது மீட்டரில் நடு மஞ்சள் வட்டத்துக்குள் அடித்த பிள்ளை அவள். ஆகஸ்ட் கடைசியில் அம்பு இறங்க ஆரம்பித்தது. நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அம்பு கனத்தால் சீக்கிரம் இறங்கும் என்று எல்லா அம்பையும் நகைக்கடைத் தராசில் நிறுத்தேன், எடை மாறவில்லை. இறகு பிய்ந்திருந்தால் காற்று பிடித்து இழுக்கும் என்று இறகைப் பார்த்தேன். நாண் காய்ந்து கட்டையில் உரசுகிறதோ என்று மெழுகு தடவினேன். வேன் சூட்டில் நாண் தொய்ந்திருக்கும், அதனால் தள்ளும் தூரம் குறைந்திருக்கும் என்று புது நாணும் மாட்டினேன். மேல்காற்று அடிக்காத காலை வேளையில் அடிக்க வைத்தேன். எதற்கும் அம்பு மசியவில்லை. கடைசியில் ஹாதியா தானாகவே வட்டத்துக்கு மேலே குறி வைக்கப் பழகிக்கொண்டாள். வாரா வாரம் இன்னும் கொஞ்சம் மேலே.

"சரக்குல குத்தம் சொல்லாதீக டீச்சர்," என்றார் அண்ணாச்சி. "போன மாசம் டெல்லி பார்ட்டி ஆர்டர் போட வந்தாக. சீசன் நேரம், அவுகளுக்கு ஏதாவது காட்டணும்ல. இதைத்தான் எடுத்து அடிச்சுக் காட்டினேன். என்னா சத்தம். அசந்துட்டாக."

"ரூமுக்குள்ள எங்கன அடிச்சீக? அம்பு எதுல குத்துச்சு?"

"அம்பு எதுக்கு? அம்பு வச்சா சத்தம் அமுங்கிப் போகுது. சும்மா நாணை மாட்டி விட்டாத்தான் அணுகுண்டு மாதிரி டப்புன்னு கேக்கும். முப்பது வருசமா சத்தத்தைக் கேட்டே சரக்கைத் தரம் பிரிக்கிறவன் நான். வர்ற பார்ட்டிக்கெல்லாம் ரெண்டு மூணு தடவை அடிச்சுக் காட்டுவேன்."

ஹாதியா கையிலிருந்த வில்லை வாங்கி பெஞ்சின் மேல் வைத்தேன். வில்லின் இடது வளைவில் கம்பெனி பெயர் போட்ட சிவப்பு ஸ்டிக்கர் புதிதாக ஒட்டியிருந்தது. அதை உரித்தேன்.

"என்ன செய்றீக? அது நேத்துதான் ஒட்டினது."

முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து அந்த வளைவு நெடுக இழுத்தேன். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பஞ்சு மாட்டிக்கொண்டு இழை இழையாகப் பிரிந்தது. குனிந்து பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு, தலைமுடி போல ஒரு கீறல்.

"நாணோட வேகத்தை எல்லாம் அம்புதான் வெளிய கொண்டுட்டுப் போகணும்," என்றேன். "அம்பு இல்லன்னா அந்த அடி எங்க போகும்? வில்லுக்குள்ளயேதான் இறங்கும். நீங்க கேட்ட சத்தம் வில்லு விரிசல் விடுற சத்தம். விரிசல் விட்ட வில்லு அம்பை வேகமாத் தள்ளாது, அதான் மண்ணுல குத்துச்சு. நான் தராசைத் தூக்கிட்டு அலைஞ்சேன். இந்தப் பிள்ளை தன்மேலதான் தப்புன்னு நோன்போட நோன்பா வெயில்ல கிடந்து அடிச்சா. இது ஒடிஞ்சு தெறிச்சிருந்தா அவ கண்ணுலதான் குத்தியிருக்கும்."

"ஒரு சின்னக் கீறலுக்கு இம்புட்டுப் பேச்சா? இன்னைக்கு ஒரு நாள் அடிக்கச் சொல்லுங்க. போட்டோவுக்கு ஆளு வந்திருக்கு. வேற வில்லுல அடிச்சா எங்க கம்பெனி பனியனைக் கழட்டிரணும்."

ஹாதியா வில்லை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்க ஒரு தடவை அம்பு வச்சு அடிங்க அண்ணாச்சி. கன்னத்தைக் கட்டையில ஒட்டி வச்சு, குறி பாத்து."

அவர் வில்லைத் தொடவில்லை. செல்போனை எடுத்துப் பார்த்தார்.

ஹாதியா யூனிபார்முக்கு மேல் போட்டிருந்த மஞ்சள் பனியனைக் கழற்றி மடித்து பெஞ்சில் வைத்துவிட்டு, சிவகாசிப் பள்ளி அணி இருந்த பந்தலுக்கு நடந்தாள். அங்கே பிரீத்திகா என்ற பெண் முதல் சுற்றை முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அதே நாலு இடத்துக்குப் போட்டி போடுகிறவள்.

"வில்லு ஒடைஞ்சு போச்சு. உன்னுதைத் தருவியா?"

"எடுத்துக்கோ. நாணை வலது பக்கம் ஒரு நூல் அளவுகூட அதிகமா இழுக்காத, அம்பு கோணப் போகும்," என்றாள் பிரீத்திகா. அவ்வளவுதான். இம்மாதிரி எளிதாக முடிகிற காரியத்தை அன்று மைதானத்தில் நான் வேறு பார்க்கவில்லை. நடுவர் காமராஜ் சார் கீறலைத் தடவிப் பார்த்து, வில் மாற்ற அனுமதி கொடுத்தார்.

முதல் மூன்று அம்புகளும் அட்டைக்கு மேலே பறந்து போயின. பிரீத்திகாவின் வில் பழுதில்லாத வில். ஹாதியாவின் கண்ணோ, செத்த வில்லுக்காக மேலே குறி வைத்துப் பழகிய கண். நாலாவது அம்பு அட்டையின் மேல் விளிம்பில் குத்தியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். இரண்டாம் சுற்றில் மஞ்சளுக்குள் வந்தாள்; கடைசிச் சுற்றில் அங்கிருந்த யாரையும்விட நன்றாக அடித்தாள். போன மூன்று அம்பு போனதுதான்.

காமராஜ் சார் பெயர்களை வாசித்தார். பிரீத்திகா மூன்றாவது. ஹாதியா ஐந்தாவது, யாராவது வராவிட்டால் போகிற மாற்று ஆள்.

அவள் அழுதிருந்தால் எனக்குக் கோபம் கொஞ்சம் தணிந்திருக்கும். அழவில்லை. அம்புகளைத் துடைத்துப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார்.

"விடு பாப்பா. அடுத்த வருசம் புதுசு ஒண்ணு, இதைவிடப் பெருசா வாங்கித் தாரேன்."

"அடுத்த வருசம் நான் ஸ்கூல்ல இருக்க மாட்டேன்," என்றாள் ஹாதியா, தலை நிமிராமல். "வாங்குங்க. ஆனா வில்லுப் பெட்டிச் சாவி ராமுத்தாய் டீச்சர்கிட்ட இருக்கணும். உங்ககிட்ட இருக்கக் கூடாது."

அவர் முகம் சிறுத்துப் போனது. வில்லை எடுத்து வரும்படி டிரைவர் பெத்தணனுக்குக் கையைக் காட்டினார். நான் அதற்கு முன்னால் கத்தரிக்கோலை எடுத்து நாணை இரண்டாக அறுத்து, வில்லை என் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினேன். இதை இன்னொரு அறையில் இன்னொரு பார்ட்டிக்கு முன்னால் இழுத்து, அப்புறம் இன்னொரு பிள்ளை கையில் கொடுக்க விடமாட்டேன்.

"டீச்சர், அது என் சொத்து."

"எழுதிக் கேளுங்க அண்ணாச்சி," என்றேன். "பதில் எழுதுறேன்."

ஹாதியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சைக்கிளின் பின்னால் ஒரு கையால் வில்லைப் பிடித்தபடி நடந்து வந்தாள்.