பெட்டியைக் கழற்றியபோது

மொன்டானாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு இந்தக் கோடையில் பைக்கிலேயே போவது என்று என் கணவன் மெர்லும் நானும் முடிவு செய்திருந்தோம். மெர்ல் தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ளும் மூச்சு இயந்திரம், கூடாரம், மழைச்சட்டைகள், என் முட்டிக்கான தைலங்கள் எல்லாம் பைக்கின் இரண்டு பக்கப் பெட்டிகளில் அடங்காது. அதனால் பின்னால் இழுத்துப் போக ஒரு சின்ன ட்ரெய்லர் வாங்கினோம். அதைக் கோத்துக்கொள்ள பைக்கில் ஒரு இழுவைக் கொக்கி வேண்டும். வீட்டிலேயே மாட்டிவிடலாம் என்றான் மெர்ல். காலமெல்லாம் சோள அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்த்தவன், நானும் மறுக்கவில்லை.

பைக் புதிதல்ல. எங்கள் பைக் கிளப்பின் தலைவன் கேலனிடமிருந்து பனிக்காலத்தில் வாங்கியது. எங்கள் ஊர் ஒகல்லாலாவில் கேலனைத் தெரியாதவர்கள் குறைவு. ஒவ்வொரு மே மாதமும் முதல் சவாரிக்கு முன்னால் எல்லா பைக்குகளையும் வரிசையாக நிறுத்தி ஜெபம் செய்பவன் அவன்தான். நல்ல குரல். கரடுமுரடான ஆட்கள்கூட அவன் ஜெபத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பைக்கை எங்களுக்கு விற்ற அன்று அதன் மேல் கையை வைத்து எங்கள் இருவருக்காகவும் தனியாக ஒரு ஜெபம் சொன்னான்.

சனிக்கிழமை காலை கராஜில் வேலையைத் தொடங்கினோம். சீட்டைக் கழற்றி, இடதுபக்கப் பெட்டியைக் கழற்றி வைத்தான் மெர்ல். வலதுபக்கப் பெட்டியை இழுத்ததும் குப்பென்று மூத்திர நாற்றம் அடித்தது. சீட்டுப் பஞ்சையும் சோளத் தோகையையும் கடித்துக் கொண்டுவந்து எலி ஒன்று அங்கே கூடு கட்டியிருந்தது. உள்ளே ரோமம் முளைக்காத குஞ்சுகள் செத்துக் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மெர்ல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"பன்னிக் கொட்டாயில வளந்தவனுக்கு எலிக்குஞ்சப் பாத்தாக் குமட்டுதாக்கும்" என்றேன்.

"பன்னி உசுரோட இருக்கும்டி."

சமையலறை இடுக்கியால் நானே எல்லாவற்றையும் எடுத்துப்போட்டேன். பிறகு இடுக்கியையும் குப்பையில் எறிந்தேன்.

கொக்கியைத் தாங்கும் இரும்புத் தகடுகள் இரண்டு. பைக்கின் பின்பாகத்தைத் தாங்கும் அடிக்குழாய்களில் பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்த வேண்டும். இடதுபக்கத் தகடு அச்சில் வார்த்ததுபோல உட்கார்ந்தது. வலதுபக்கத் தகடு உட்காரவில்லை. மேடுபள்ளத் தரையில் போட்ட நாற்காலிபோல ஆடிக்கொண்டே இருந்தது. எலி எச்சம் காய்ந்து மேடு தட்டியிருக்கும், சுரண்டு என்றான் மெர்ல். வினிகரை ஊற்றித் தகட்டுக் கத்தியால் சுரண்டினேன். எச்சம் போனது. அதோடு கறுப்புப் பெயின்டும் தோலாக உரிந்து வந்தது. அடியில் இரும்பு இல்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ பூச்சு. கத்தி நுனியை அழுத்தியதும் அது சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. கீழே வெல்டிங் ஓரத்திலிருந்து குழாயைப் பாதி சுற்றி ஒரு விரிசல்.

மெர்ல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பப் பார்த்தான். "பட்டி பாத்திருக்கான். பட்டி வச்சு, தேச்சு, பெயின்ட் அடிச்சிருக்கான்" என்றான்.

ஏப்ரலிலிருந்து நான் அந்தப் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலையில் லாரிகள் தாண்டும்போது காற்று இழுக்க, மெர்லின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டு போயிருக்கிறேன்.

கேலனை வரச் சொன்னோம். என்ன விஷயம் என்று மெர்ல் போனில் சொல்லவில்லை. ஒருவேளை அவனுக்கும் தெரியாமல் இருக்கலாம், அவனுக்கு விற்றவன் செய்த வேலையாக இருக்கலாம் என்று அதுவரை நானும் நம்பத்தான் விரும்பினேன். அவன் கராஜுக்குள் வந்து, கழற்றி வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்தான். விரிசல் பக்கம் அவன் கண் போகவே இல்லை.

"பெட்டிய எதுக்குக் கழட்டினீங்க?" என்றான்.

அவ்வளவுதான். அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவன் பேசினான். சாதாரணமாக ஓட்டுவதற்கு அது தாங்கும், ட்ரெய்லர் மாட்டப்போவதாக யாரும் சொல்லவில்லை, நானே இந்த வண்டியில் ஒரு கோடை முழுக்க ஓட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே என்றான். பேசும்போது மெர்லின் தோளில் கையைப் போட்டான். மெர்ல் தோளை விலக்கிக்கொண்டான்.

"பின்சீட்டுல நான் உக்காருவேன்னு உனக்குத் தெரியும்" என்றேன்.

"நானும் பொண்டாட்டிய ஏத்திக்கிட்டு ஓட்டினவன்தாம்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன கோடை முழுக்க அவன் மனைவி ஜோலீன் எங்கள் சவாரிகளுக்குக் காரில்தான் வந்தாள். கேட்டால் சிரித்து மழுப்புவாள்.

"இல்ல. போன வருஷம் நீ அவள ஏத்தல" என்றேன்.

கேலன் பேச்சை மாற்றினான். பைக்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், பணத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்றான். மெர்லும் சரியென்று தலையாட்டப் போனான். எடுத்துப்போய் என்ன செய்வாய் என்று நான் கேட்டேன். கான்சாஸில் ஒருத்தர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றான் கேலன், ஏதோ எங்களுக்கு ஆறுதல் சொல்வதுபோல.

மெர்ல் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். "அவருக்குப் பொண்டாட்டி இருக்காளா?" என்றான்.

மெர்ல் இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்து ஒயரைச் சொருகினான். கேலன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பின்வாங்கினான். பொறி பறக்க மெர்ல் அந்தக் குழாயை விரிசலுக்குப் பக்கத்தில் அறுத்தான், பிறகு இடதுபக்கத்தையும். பைக்கின் பின்பாகம் தளர்ந்து, அடியில் முட்டுக்கொடுத்திருந்த மரக்கட்டையின் மேல் சாய்ந்தது. பணம் போனது போனதுதான். இனி அதில் யாரும் ஏற முடியாது.

அடுத்த நாளிலிருந்து கிளப்பிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. கேலன் இதய ஆபரேஷன் ஆன ஆள், மன்னித்துவிடக் கூடாதா என்றார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை அறுப்பானா ஒருத்தன் என்றார்கள். விரிசலைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

வந்தது ஜோலீன்தான். வாசலில் காரை நிறுத்திவிட்டு நேராகக் கராஜுக்கு நடந்தாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்குக் குத்தியிருந்தாள். காட்டு என்றாள். காட்டினேன். விரிசலில் நகத்தை விட்டுப் பார்த்தாள். நகம் உள்ளே போனது.

போன வருஷம் நீ ஏன் பைக்கில் ஏறவில்லை என்று கேட்டேன்.

"நான் பெருத்துட்டேனாம். என் கனத்துக்கு வண்டி தாங்காதாம். எறைச்சியக் கொறைச்சேன், ரொட்டிய நிறுத்துனேன். ஒவ்வொரு வாரமும் எடை மிஷின்ல ஏறி அவங்கிட்டக் காட்டுவேன். 'இன்னும் கொஞ்சம்'பான்."

எலி நாற்றம் அடித்தபோதுகூட வராத வாந்தி அப்போது எனக்கு வந்தது. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன். ஜோலீன் அழவில்லை. பசிக்கிறது, ஏதாவது இருக்கிறதா என்றாள். முட்டைக்கோஸும் மாட்டிறைச்சியும் அடைத்த ரன்ஸா ரொட்டி ஃப்ரீசரில் இருந்தது. சூடாக்கிக் கொடுத்தேன். சமையலறையில் நின்றுகொண்டே இரண்டைத் தின்றாள். அவள் கைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு நார்த் பிளாட் என்ற ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

நாங்கள் கிளப்பிலிருந்து விலகிவிட்டோம். அங்கே கேலன்தான் இப்போதும் தலைவன். ஆகஸ்டில் பிக்கப் வண்டியில் மகள் வீட்டுக்குப் போனோம்.

"அவன் ஜெபம் பண்றப்ப நான் கண்ண மூடிக்கிட்டுதான நின்னேன்" என்றான் மெர்ல், பக்கத்து மாநிலமான வயோமிங்கில் நுழைந்த பிறகு.

நானும்தான் என்றேன். அவன் ஜன்னலை இறக்கி வெளியே துப்பினான்.