அழுத்தம் விழும் அசை

நந்திதுர்க்கில் குடியிருந்த தசரதனுக்கு இருமல், மகள் பவ்யா சொல்லும் ஆங்கிலச் சொற்களில் அழுத்தம் விழ வேண்டிய அசையில் மட்டுமே வந்தது. அங்கிருந்த தங்கச் சுரங்கம் மூடும்வரை பூமிக்கடியில் பாறை துளைத்தவர். அந்தத் தூசி இன்னும் நெஞ்சில் இருந்தது. பெங்களூரில் பவ்யா கால் சென்டர் வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம், பேச்சு தட்டையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். ராபர்ட்சன்பேட்டையில் செருப்புக்கடை மாடியில் வகுப்பு நடத்திய எலைன், தாடைக்கு அடியில் புறங்கையை வைத்துக்கொண்டு, தாடை ஒருமுறை இறங்கினால் ஓர் அசை என்று பிரிக்கச் சொல்லித்தந்தார். பிரிக்க வந்தது, எந்த அசையை ஓங்கிச் சொல்வது என்பதுதான் பிடிபடவில்லை. ஒருநாள் வீட்டில் எ-லெக்-ட்ரி-ஸி-டி என்று ஒரே சீராகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் கிடந்தவர் 'ட்ரி'யில் இருமினார். அகராதியும் அதையே சொன்னது. வெ-ரி-ஃபி-கே-ஷனில் 'கே'. எதிர்வீட்டு ஆங்கிலோ இந்தியர் ஹரோல்ட் வந்து சில நீளமான சொற்களைச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. "இன்னா மச்சான், எங்க இங்கிலீஷ் உனுக்கு ஒத்துக்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சளியில் ரத்தம் வந்த அன்று பவ்யா பயிற்சியை நிறுத்தினாள்.

"இன்னாத்துக்கு நிறுத்திட்ட? சொல்லும்மா. எப்படியும் இருமத்தான் போறேன். உனுக்குப் பிரயோஜனமா இருமிட்டுப் போறேன்" என்றார் தசரதன்.

வேலை கிடைத்தது. விடிவதற்குள் ரயிலேறி, பங்காருபேட்டை தாண்டி அவள் பெங்களூர் போய்ச் சேர்ந்த பிறகும் தூரம் எதையும் மாற்றவில்லை என்பதை முதல் நாளே அம்மா மங்கம்மா கண்டுகொண்டாள். மகள் பேச ஆரம்பித்ததும் கணவருக்கு இருமல் தொடங்கியது; அவள் சாப்பிடப் போனதும் நின்றது. அந்த இடைவெளியில்தான் மங்கம்மா அவருக்குக் கஞ்சி ஊட்டினாள். பவ்யா சின்னச் சொற்களாகப் பொறுக்கிப் பேசிப் பார்த்தாள். எழுதிக் கொடுத்ததைத்தான் பேச வேண்டும் என்று மேலாளர் கண்டித்தார். வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். தசரதன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. வார விடுமுறைகளில் அவர் நன்றாகத் தூங்கினார். வீடு அமைதியாக இருந்தால் பெண்ணுக்கு லீவு என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு வருடம் இப்படிப் போனது.

ஆடி மாதத்தில் ஒரு வேலை நாள், முற்பகலிலேயே இருமல் நின்றது. மங்கம்மா அடுப்படியிலிருந்தே மகளுக்குப் போன் செய்தாள்.

"இன்னாம்மா, வேல இல்லாம குந்திக்கினு இருக்கியா?"

"இல்லம்மா. காலைலருந்து விடாம பேசிக்கினுதான் இருக்கேன்."

சரி, கிளம்பி வந்துடு என்று மட்டும் சொல்லிவிட்டு, மங்கம்மா அடுப்பை அணைத்துக் கட்டிலருகே போனாள்.