நாலு பேரில் ஒருத்தன்

கண்ணாடிப் பெட்டி லிப்டுக்குள் நுழையவில்லை. நேராக வைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், ஒரு முழம் இடித்தது. கடைசியில் ஆளுக்கொரு மூலை பிடித்துப் படி வழியாகவே ஐந்தாவது மாடிக்குத் தூக்கி வந்தார்கள். முப்பத்தாறு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதருக்கு இந்த மரியாதைதான் கிடைக்க வேண்டுமா என்று மகளுக்குக் கோபம் வந்தது.

“அவன் மட்டும் இருந்திருந்தா, எந்த மடையன்டா இந்த அளவுல லிப்ட் வெச்சான்னு கேட்டிருப்பான்” என்றாள் அப்பாவின் அக்கா. சொல்லி முடித்ததும் அழுதாள். அத்தைக்கு அழுகையும் வசவும் ஒரே குழாயில்தான் வரும்.

காலை ஒன்பது மணிக்கு அப்பா காபியில் ரொட்டியை நனைத்தார். நனைத்தது வாய்க்குப் போகவில்லை. மகள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்து, “கஷ்டப்படாம போயிருக்கார்மா” என்றார். அது உண்மையாகவே ஆறுதலாக இருந்தது. அம்மா கஷ்டப்பட்டுத்தான் போனாள்.

தம்பி பதினோரு மணிக்கு வந்தான். முகத்தில் மேக்கப் இருந்தது. பெரிய மனிதர்களை எதிரில் உட்கார வைத்து மூன்று மணி நேரம் பேசுகிற நிகழ்ச்சி அவனுடையது. மந்திரிகள், கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளிகள், நடிகைகள், பாடகர்கள் என்று அந்த நாற்காலியில் உட்காராதவர்கள் குறைவு. லட்சக்கணக்கான பேர் போனில் பார்க்கிறார்கள். இன்றைக்கு ஒரு மந்திரியின் முறை. கேமராவை ஓட விடுவதற்கு முன்னால் அக்காவின் போன் வந்துவிட்டது. அவன் மந்திரியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அப்படியே எழுந்து வந்திருந்தான்.

வந்தவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றான். அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டான், வேன்காரருக்கு வழி சொன்னான், மூன்று முறை குப்பைத் தொட்டியைக் காலி செய்தான்.

மதியம் பின்பக்கப் பால்கனியில் அக்கா அவனைப் பிடித்தாள். துணி காயப்போடும் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

“முகத்தையாவது கழுவிட்டு வாடா.”

“ஆறு வருஷம்க்கா” என்றான். “நூத்தித் தொண்ணூத்தி ஏழு பேர்கிட்ட பேசிட்டேன். இவர் ஒண்ணைக்கூடப் பாக்கலை. நான் என்ன வேலை பண்றேன்னே தெரியாம போய்ட்டார்.”

அப்படியில்லை என்று அவளுக்குத் தெரியும். சொல்ல முடியாது. அப்பாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், நிரந்தர வேலையை விட்டுவிட்டு இந்த நிகழ்ச்சியைத் தொடங்கப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்று வீட்டில் ரகளை. “வாய்ப்பந்தல் போட்டுப் பொழைக்க முடியுமா?” என்று அப்பா கேட்டார். “நான் பேசறதை நீங்க ஒண்ணும் கேக்க வேணாம்” என்றான் இவன். “சரி, கேக்கலை” என்றார் அவர். இரண்டும் ஒரே மரத்துக் கட்டை. அதன் பிறகு அவன் வருவான், சாப்பிடுவான், மாத்திரை வாங்கி வைப்பான். நிகழ்ச்சியைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் மூச்சுவிடமாட்டார்கள்.

ஆனால் முதல் நிகழ்ச்சி வந்த அன்றே, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அக்காவின் போனில் அப்பா அதை முழுக்கப் பார்த்தார். பார்த்துவிட்டு, “கடைசியில நேயர் கேள்வின்னு ஒண்ணு கேக்கறானே, அது யார் வேணா அனுப்பலாமா?” என்றார். அனுப்பலாம் என்றாள். “பேரு?” என்று கேட்டதற்கு யோசித்துவிட்டு, “நாலு பேர்ல ஒருத்தன்னு போடு” என்றார்.

அந்தப் பேரிலேயே தனியாக ஒரு மெயில் தொடங்கி, அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டுவாள். தொழிற்சாலை முதலாளி ஒருவருக்கு அவர் அனுப்பிய கேள்வி: ‘நீங்க செஞ்ச பொருள் ரிப்பேரானா வந்து பாக்கற ஆளோட பேரு உங்களுக்குத் தெரியுமா?’ முதலாளி திருதிருவென்று விழித்தார். பெரிய பாடகிக்கு: ‘கைதட்டல் நின்னதும் முதல்ல என்ன சத்தம் கேக்கும்?’ அந்த அம்மாள் எழுந்திருக்கும்போது முழங்கால் சொடுக்குகிற சத்தம் என்று, தன் மூட்டு வலியைப் பற்றிச் சொன்னாள். அதைப் பார்க்காதவர்கள் பாக்கியில்லை.

“அப்பா, நீங்கதான்னு சொல்லிடட்டுமா?” என்று அவள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள்.

“சொன்னேன்னா அப்பன் கேள்வியாச்சேன்னு எடுப்பான். நல்ல கேள்வியா இருந்தா எடுக்கட்டும். சத்தியம் பண்ணு” என்பார்.

பால்கனியில் தம்பி கொடியை விட்டான். “இருநூறாவது நிகழ்ச்சிக்கு ஒரு நேயரைக் கூப்பிட்டிருந்தேன். நாலு பேர்ல ஒருத்தன்னு எழுதுவார், நீ பாத்திருப்பே. பெரிய மனுஷங்க எல்லாரையும் விட அந்த ஆள்கிட்டதான் பேசணும்னு இருந்துச்சு. அவர்கிட்டேருந்தும் பதில் இல்லை.” மூக்கை உறிஞ்சினான். “போதும்க்கா, நிறுத்திடலாம்னு தோணுது. பெத்தவர்கிட்டயே பேசத் தெரியாதவனுக்கு எதுக்கு இந்த வேலை?”

அந்த அழைப்பு அவள் போனில்தான் இருந்தது. போன வாரம் வந்தது. புது ஆள் யாரையாவது கூப்பிட்டால், பயம் தெளிவதற்காக முன்கூட்டியே பன்னிரண்டு கேள்விகள் அனுப்பி, பதிலைப் பேசி அனுப்பச் சொல்வது அவன் வழக்கம். அப்பா ஒரு பகல் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து மூன்று சாயங்காலம் பதில் சொன்னார். அவள் பதிவு செய்தாள்.

“குரலைக் கேட்டா கண்டுபிடிச்சிடுவானேப்பா?”

“கண்டுபிடிக்கட்டும். கூப்பிட்டது அவன்தானே? நான் போய் நிக்கலையே” என்றார். குரலில் அப்படி ஒரு கெத்து.

நேற்றோடு பதினோரு கேள்வி முடிந்தது. இப்போதே அனுப்பிவிடலாம் என்று இவள் பறந்தாள். “ஒண்ணு பாக்கி இருக்கு. கடைசி மாடி வரைக்கும் ஓட்டிப் பாக்காம லிப்டை ஒப்படைக்கக் கூடாது. நாளைக்கு முடிச்சு மொத்தமா அனுப்பு” என்று தடுத்துவிட்டார்.

முடிக்காத வேலையைக் கொடுக்க அவருக்குப் பிடிக்காது. சத்தியத்தையும் அவர் வாயால் திருப்பித் தரவில்லை. உள்ளே கிடப்பவரைக் கேட்கவும் முடியாது. இன்னும் ஒரு மணி நேரத்தில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் இவன் இதே நினைப்போடு வீட்டுக்குப் போவான், இதே நினைப்போடு கிழவனாவான். ஆறு வருஷம் மறைத்தாயா என்று இவள் மேல் பாய்வான். பாயட்டும் என்று நினைத்தாள். அப்பாவிடம் மனசுக்குள், கோவிச்சுக்காதீங்கப்பா, உங்க பதினோராவது மாடி போதும் எங்களுக்கு என்றாள்.

“உன் இயர்போனைக் குடு.”

“எதுக்கு?”

“குடுடான்னா.”

தன் போனில் மாட்டி, ஒன்றை அவன் காதில் செருகினாள். மற்றதைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். “திட்டறதா இருந்தா முழுக்கக் கேட்டுட்டுத் திட்டு” என்றாள். அழுத்தினாள்.

முதலில் தொண்டையைச் செருமும் சத்தம். நாற்காலி நகர்ந்தது. பிறகு அப்பா, அன்னியரிடம் பேசும்போது வருகிற அந்த மரியாதைக் குரலில் ஆரம்பித்தார்.

“வணக்கம் தம்பி. நாலு பேர்ல ஒருத்தன் பேசறேன்.”

தம்பியின் கை அவள் தோளை இறுகப் பிடித்தது. வலித்தது. அவள் விலக்கவில்லை.

“பெரிய மனுஷங்க யார்கூடவாவது பேசியிருக்கீங்களான்னு முதல் கேள்வி கேட்டிருக்கீங்க. பேசியிருக்கேன். ஒரு பெரிய தலைவர், பேரு வேணாம், மேடையில சிங்கம். அவர் ஆபீஸ் லிப்ட் மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல நின்னுபோச்சு. உள்ளே அவரும் நானும்தான். கரன்ட் வர நாப்பது நிமிஷம் ஆச்சு. என் சட்டையைப் பிடிச்சவர் விடலை. சின்ன வயசுல கிணத்துல விழுந்ததுலேருந்து, பொண்டாட்டி பேசாம இருக்கற வரைக்கும் அத்தனையும் சொல்லிட்டார். நீங்களும் அவரைப் பேட்டி எடுத்தீங்க. மூணு மணி நேரம். அதுல பாதிகூட வரலை. தப்பா நினைக்காதீங்க தம்பி, ஒரு யோசனை சொல்றேன். பேசாம உங்க ஸ்டுடியோவை லிப்டுக்குள்ள வெச்சுக்கோங்க.”

தம்பி சிரித்துவிட்டான். வெடித்துச் சிரித்தான். சிரிப்பு கூடத்துக்குக் கேட்டது. நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அத்தை எழுந்து ஓடி வந்தாள்.

“சாவு வீட்டுல என்னடா சிரிப்பு? பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு?”

அவனுக்கு நிறுத்த முடியவில்லை. கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே சிரித்தான். “எல்லாத்தையும் பாத்திருக்கார் அத்தை” என்றான். “மூணு மணி நேரத்தையும் உக்காந்து பாத்திருக்கார்.” அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, திட்ட மறந்து அங்கேயே நின்றாள்.

அவன் தரையில் சரிந்து உட்கார்ந்தான். இயர்போன் கம்பி அறுந்துவிடாமல் அவளும் கூடவே உட்கார்ந்தாள். இரண்டாவது கேள்வி, மூன்றாவது கேள்வி. நடு நடுவே அவன், “இதுக்கு ஒரு துணைக் கேள்வி கேட்டிருக்கணும்க்கா” என்று முணுமுணுத்தான்.

“அடுத்ததுல அவரே சொல்றார், இரு” என்றாள்.

வேன்காரர் படியேறி வந்து பால்கனிக் கதவைத் தட்டினார். “சார், நேரமாச்சு. எடுத்துடலாமா?”

தம்பி இயர்போனைக் கழற்றவில்லை. உள்ளங்கையை உயர்த்திக் காட்டினான்.

“கொஞ்சம் இருங்க” என்றான். “பேசிட்டு இருக்கார்.”